பத்து வருஷக் குளிர்

மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது சந்திரகலாவுக்கு வலியே இல்லாமல் ரத்தம் போனது. 1983ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். கிள்ளானில் அவள் வேலை செய்த பிஸ்கட் பாக்டரியில் காலை டீ நேரம். கழிவறைக்குப் போனவள் பார்த்தாள், கழுவிக்கொண்டாள், திரும்பி வந்து மிச்சமிருந்த டின்களை அடுக்கி முடித்த பிறகுதான் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். வலிக்காத எதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்போது அவளுக்கு முப்பது வயது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அய்யாவு தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். அவளைக் கட்டிக்கொண்ட தம்புசாமி, துறைமுகத்திலிருந்து கோதுமை மாவு மூட்டையும் ரப்பர் கட்டும் ஏற்றிச் செல்லும் லோரி டிரைவர். போர்ட் கிள்ளான் போகும் சாலையை ஒட்டிய கம்பத்தில், அந்தக் கிராமக் குடியிருப்பில், பலகை வீடு. மூத்தவள் ராஜேஸ்வரிக்கு ஏழு வயது, அடுத்தவள் சிவகாமிக்கு நான்கு. இரண்டு பேரையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இடுப்பெலும்பு குறுகல் என்று முதல் பிரசவத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்கேன் எல்லா இடத்திலும் கிடையாது. வேனில் ஏற்றி கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பிரசவ டாக்டர் யாப் என்ற சீனப் பெண்மணி. கொஞ்சம் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமுமாகப் பேசுவார். ஒரு தமிழ் மிஸி, அதாவது நர்ஸ், பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"நச்சுக்கொடி மேல இருக்கணும். ஒனக்கு அது கீழ எறங்கி, பிள்ளை வர்ற வாசலை அடைச்சுக்கிட்டு இருக்கு. அதோட ரெண்டு தடவ வெட்டித் தச்ச தழும்பு மேலேயே ஒட்டியிருக்கு. தழும்புக்குள்ள வேர் விட்டிருந்தா, பிள்ளை வந்த பெறகு அது கழண்டு வராது. அதனால பிரசவம் வரைக்கும் நீ வீட்டுக்குப் போகக்கூடாது."

"ரெண்டு மாசமா டாக்டர்?"

"ரெண்டு மாசமும்தான்."

பன்னிரண்டு நாள் இருந்தாள். ரத்தம் நின்றுபோயிருந்தது. பதிமூன்றாம் நாள் தம்புசாமி வந்து, சிவகாமிக்குக் காய்ச்சல், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டு வள்ளியம்மாதான் பார்த்துக்கொள்கிறாள் என்றான். அவளைக் கூப்பிட்டுப் போக வந்தவன் அல்ல அவன். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தான். ஆனால் சந்திரகலா கட்டிலை விட்டு இறங்கி, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பாரத் தாளைக் கேட்டாள்.

டாக்டர் யாப் கோபத்தோடு வந்தார். மலாயிலேயே நேராகக் கேட்டார். வீட்டில் ரத்தம் போனால் எத்தனை நிமிஷத்தில் இங்கே வந்து சேருவாய்?

"இருபது நிமிஷம் டாக்டர்."

"இருபது நிமிஷம் ரொம்ப அதிகம்" என்றார் அவர். ஆனாலும் ஒரு அட்டையில் அவளுடைய ரத்த வகையை எழுதி, எப்போதும் உடம்போடு வைத்திருக்கச் சொன்னார். ஆபரேஷனுக்கு ஜூன் ஆறாம் தேதி என்று நாளும் குறித்தார்.

மே மாதம் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. தம்புசாமி துறைமுகத்தில் இருந்தான். ராஜேஸ்வரி பள்ளிக்கூடத்தில், சிவகாமி வள்ளியம்மா வீட்டுப் பிள்ளைகளோடு. சந்திரகலா குசினியில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. எழுந்து நின்றாள். காலைக் குனிந்து பார்க்கக்கூட நேரமில்லை. அதற்குள் தரையே சிவப்பாக இருந்தது.

"வள்ளியம்மாக்கா!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.

ஓடிவந்த வள்ளியம்மா, வாசலில் நின்ற மீன்கார சீனருடைய வேனைத்தான் பார்த்தாள். தினமும் அந்த நேரத்துக்குக் கம்பத்துக்கு வருபவர். டாக்சிக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. மீன்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதி மீன் பெட்டிகளை இறக்கி வேலியோரம் போட்டார். மிச்சப் பெட்டிகளுக்கு நடுவில் சந்திரகலாவைப் படுக்க வைத்தார்கள். ஐஸ் உருகிய தண்ணீரும் அவள் ரத்தமும் ஒன்றாக வேன் கதவோரம் வழிந்தன. வள்ளியம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காத கலா, தூங்காத" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். பதினான்கு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஆபரேஷன் அறை விளக்கை மட்டும் பார்த்ததாக அவளுக்கு நினைவு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தமிழ் மிஸி பின்னால் சொல்லித் தெரிந்தது.

பிள்ளையை நான்கு நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. வெளுத்துப்போய், சோர்ந்து, ஆனால் உயிரோடு. அது அழுததும் அறையில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். டாக்டர் யாப் மட்டும் நிமிரவில்லை. கையை உள்ளே விட்டு நச்சுக்கொடியின் ஓரத்தைத் தேடினார். ஓரமே இல்லை. சாதாரணமாக அது தானாகவே உரிந்து வரும். இங்கே எது கர்ப்பப்பை, எது கொடி என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒரே சதையாக இருந்தன. கொஞ்சம் இழுத்தால் துண்டாகக் கையோடு வந்தது. வந்த இடத்திலிருந்து குழாய் திறந்ததுபோல் ரத்தம் பீறிட்டது.

"உரி தா மாவ் லெப்பாஸ்" என்றாள் உதவிக்கு நின்ற மலாய் மிஸி. நச்சுக்கொடி விட மாட்டேன் என்கிறது என்று அர்த்தம்.

துணியை வைத்து அழுத்தினார்கள். தையல் போட்டார்கள். தையல் போட்ட ஊசித் துளையிலிருந்தே ரத்தம் வந்தது. ஒரு டாக்டர் முதுகெலும்போடு சேர்த்துப் பெரிய ரத்தக் குழாயை முஷ்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் அவள் வகை ரத்தம் ஆறு பைதான் இருந்தது. ஆறும் தீர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

தம்புசாமிக்குக் கம்பெனி ஆபீஸ் போன் மூலம் செய்தி போயிருந்தது. சரக்கோடு லோரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான். டாக்டர் யாப் வெளியே வந்தார். அவருடைய ரப்பர் பூட்சில் ரத்தம் ஒட்டியிருந்ததைத்தான் அவன் முதலில் பார்த்தான்.

"பையன். நல்லா இருக்கான். ஒங்க மனைவி நல்லா இல்ல. கர்ப்பப்பைய எடுக்கப் போறேன்." மிஸி அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"தையல் போட்டு நிறுத்த முடியாதா டாக்டர்? அவளுக்கு முப்பது வயசுதான் ஆவுது."

"அதைத்தான் நாற்பது நிமிஷமா செய்யறோம். நீங்க கையெழுத்துப் போட்டாலும் எடுப்பேன், போடாட்டியும் எடுப்பேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு மிஸியிடம், "ரத்தம் வேணுமா சிஸ்டர்? எத்தன பேர் வேணும்?" என்று கேட்டான்.

ஒரு மணி நேரத்துக்குள் துறைமுகத்திலிருந்து இரண்டு லோரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பதினேழு பேர். வியர்வையும் மாவுத் தூசியுமாக நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து விட்டார்கள். எட்டுப் பேருடைய ரத்தம் சேர்ந்தது. மற்றவர்களும் போகவில்லை. அங்கேயே காத்திருந்தார்கள். எட்டுப் பையும் ஏறி முடிந்த நேரத்தில் கோலாலம்பூர் ஆம்புலன்ஸ் வந்தது.

மொத்தம் இருபத்திரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் அவள் கையில் நாடி கிடைக்கவே இல்லை. மயக்க மருந்து டாக்டர் கழுத்தில் விரலை வைத்தபடியே இருந்தாராம். கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தம் நின்றது. மூன்றாம் நாள் சந்திரகலா கண் விழித்தாள்.

அவள் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். கதை அத்தோடு முடிந்துவிட்டதென்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பையனுக்கு ராமு என்று பெயர் வைத்தார்கள். அவனை மார்பில் போட்டபோது பால் வரவில்லை. ரத்தம் போன உடம்பு, ஒரு வாரம் ஆகட்டும் என்றாள் மிஸி. வள்ளியம்மா சுறாப் புட்டு செய்துகொண்டு வந்தாள். பூண்டை வதக்கிக் கொடுத்தாள். முருங்கைக்கீரை சமைத்தாள். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு சொட்டு இல்லை. மார்பு கனக்கக்கூட இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் ரவிக்கை நனையப் பால் கொடுத்தவள் அவள். ராமு டின் பாலில் வளர்ந்தான்.

மூன்று மாதம் கழித்து பாக்டரிக்குப் போனாள். முன்பு ஒரு நிமிஷத்தில் அடுக்கியதை இப்போது ஐந்து நிமிஷத்தில் அடுக்கினாள். பெல்ட்டில் டின்கள் அவளைக் கடந்து போய் அடுத்த ஆளிடம் குவிந்தன. நின்றபடியே கண்ணைச் சொக்கியது. வருஷக் கடைசியில் அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு குளிர் வந்தது. கிள்ளான் வெயிலில், தகரக் கூரையின் கீழே, ஊரே விசிறிக்கொண்டிருந்தபோது அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகுபோல் வெளுத்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. புருவத்தின் வெளிப்பக்கம் காணாமல் போயிற்று. அக்குளில் முடி முளைக்கவே இல்லை. அதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குரல் கரகரத்து, சொல் சொல்லாக, மெதுவாக வந்தது. காலையில் எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றும். மறுபடி படுத்துவிடுவாள்.

கிளினிக்குகளுக்குப் போகாமல் இல்லை. ரத்தச்சோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். வைட்டமின் ஊசி போட்டார்கள். ஒரு டாக்டர், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு மனதில் ஒரு குறை இருக்கும், அதுதான் இது, வேலையில் கவனம் செலுத்தினால் சரியாகிவிடும் என்று தம்புசாமியிடம் சொன்னார். மாதவிலக்கு நின்றதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கர்ப்பப்பையே இல்லாதவளிடம் அதை யார் கேட்பார்கள்? ஒரு சாமியாடி எலுமிச்சம்பழம் அறுத்து, மீன் வேனில் ஏறிய அன்று ஏதோ கூடவே வந்துவிட்டது என்றார்.

தம்புசாமி கெட்டவன் இல்லை. முதல் இரண்டு வருஷம் தானே சமைத்துவிட்டு வேலைக்குப் போனான். பிறகு பொறுமை தேய்ந்தது.

"டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு. ஏன் இப்படிப் படுத்தே கெடக்குற?"

"முடியலைங்க."

"எல்லாப் பொம்பளையும்தான் பிள்ள பெத்துக்கறாங்க. ஒனக்கு மட்டும் முடியலையா?"

தான் சோம்பேறியாகிவிட்டோம் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தானே எழுதிக்கொடுத்து வந்ததற்கான தண்டனை இது என்றும் நினைத்தாள்.

வீட்டைத் தூக்கிக்கொண்டது ராஜேஸ்வரி. எட்டு வயதில் முக்காலி மேல் ஏறி நின்று சோறு வடித்தாள். பத்து வயதில் தம்பியைக் குளிப்பாட்டி, தங்கைக்குச் சடை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கணக்கில் வகுப்பில் முதல் ஆளாக வந்தவள் இரண்டாம் படிவத்தில், எட்டாம் வகுப்பில், பாதி நாள் போகவில்லை. 1990 கடைசியில், அரசாங்கப் பரீட்சைக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, பள்ளிக்கூடப் பையைப் பரணில் போட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. பதினாறு முடிந்ததும் கையுறை பாக்டரியில் சேர்ந்தாள்.

1993 ஆகஸ்டில் பிரிக்பீல்ட்ஸில் அய்யாவு இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் போயிருந்தார்கள். அதற்கு இரண்டு நாளாகவே சந்திரகலாவுக்கு வாந்தி. அப்பா காரியம், வராமல் இருக்க முடியாது என்று வந்துவிட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, இலை போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள்.

தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் காசிவிஸ்வநாதன் பையோடு நடந்தே வந்தார். ஐம்பது வயது மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். பிரஷரைப் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. விரலில் குத்தி சர்க்கரையைப் பார்த்தார். அதுவும் அப்படியே. குளுக்கோஸை ஊசியில் ஏற்றினார். அவள் கண் திறந்தாள். அவர் எழுந்து போகவில்லை. ஆகஸ்டு வெயிலில் அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் புருவத்தையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, மாசம் மாசம் குளியல் உண்டா?"

"கர்ப்பப்பை இல்ல டாக்டர். எடுத்துட்டாங்க."

"எதுக்கு எடுத்தாங்க?"

"மூணாவது பிள்ளைக்கு ரத்தம் நிக்கல. இருபத்திரண்டு பை ஏத்துனாங்க."

டாக்டர் அவள் கண் இமையை இறக்கிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டும் வரல."

"இந்தக் கேள்விய இதுக்கு முன்னால யாராச்சும் ஒங்கள கேட்டாங்களா?"

"இல்ல டாக்டர்."

அவர் பையிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்துப் போட்டார். கடிதம் எழுதி, தம்புசாமியைக் கூப்பிட்டு, "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சாப்பாட்டுக்குக்கூட நிக்காதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். காசிவிஸ்வநாதன் நினைத்தது சரி. ஒரு வாரம் கழித்து அவரே வார்டுக்கு வந்து தம்புசாமிக்கு விளக்கினார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. பால் சுரக்கணும், ஒடம்பு சூடா இருக்கணும், எழுந்து நடக்கத் தெம்பு வரணும்னு எல்லாத்துக்கும் உத்தரவு குடுக்கறது அதுதான். பிள்ளத்தாச்சிக்கு அது வீங்கி இருக்கும், ரத்தம் நெறைய வேணும். அன்னைக்கு அரை மணி நேரம் அதுக்கு ரத்தமே போகல. செத்துப்போச்சு. பத்து வருஷமா இவங்க உத்தரவு குடுக்க ஆளில்லாத ஒடம்ப வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

"சரியாகுமா டாக்டர்?"

"சுரப்பி திரும்பி வராது. அது செய்யற வேலைய மாத்திரை செய்யும். சாகற வரைக்கும் சாப்பிடணும். ஒரு நாள் விட்டாலும் ஆபத்து."

தம்புசாமி வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அவள கைநீட்டி அடிச்சிருக்கேன் டாக்டர்" என்றான். "ரெண்டு தடவ. சோம்பேறின்னு சொல்லி."

டாக்டர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் அவளுக்குப் பசித்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக, "நாசி லெமாக் வாங்கிட்டு வாங்கலா" என்று தேங்காய்ப்பால் சோற்றை வாய் திறந்து கேட்டாள். இரண்டு மாதத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். குரல் தெளிந்தது. தம்புசாமி அவளிடம் மன்னிப்புக் கேட்டான். ஒரு முறை அல்ல, பல முறை. கேட்கும்போதெல்லாம் அவள் "சரி, விடுங்க" என்றாள். விட்டாளா என்று அதே கம்பத்தில் குடியிருந்த எனக்கும் தெரியாது. அவனுடைய தட்டில் சோறு போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பரில் ஒரு காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். ராஜேஸ்வரிக்கு ஆறரைக்கு பாக்டரி பஸ். தோசை வார்த்து, சம்பால் அரைத்து, டிபன் பெட்டியில் கட்டி வைத்தாள். எழுந்து வந்த மகள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

"நீ போய் குளி. நான் கட்டிட்டேன்."

"இப்ப எதுக்கும்மா எழுந்தீங்க?" குரல் உயரவில்லை. "எனக்குப் பதினேழு வயசாச்சு. இனிமே எழுந்து என்ன செய்யப் போறீங்க?"

"அம்மாவுக்கு அப்ப முடியலம்மா. டாக்டர் சொன்னாருல்ல."

"தெரியும். ஒங்க மேல தப்பில்லன்னு தெரியும். அதனாலதான் யார் மேல கோவப்படறதுன்னே தெரியல."

அவள் டிபன் பெட்டியை எடுக்காமல் போனாள். சந்திரகலா அதைத் திறந்து, நின்றபடியே, அந்த இரண்டு தோசையையும் தானே சாப்பிட்டாள். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது.

அடுத்த வருஷம் சந்திரகலா ஒருத்தியாகவே மகளின் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். வயது கடந்துவிட்டது, தனியாகப் பரீட்சை எழுதலாம் என்றார்கள். மகளிடம் சொன்னாள். ராஜேஸ்வரி புத்தகம் வாங்கினாள், இரண்டு மாதம் வைத்திருந்தாள், பிறகு சிவகாமியிடம் கொடுத்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்தால் எழுத்து கண்ணில் நிற்கவில்லை என்றாள். சிவகாமி படித்து முடித்து, காப்புறுதிக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். ராஜேஸ்வரி கையுறை பாக்டரியிலேயே சூப்பர்வைசர் ஆனாள். 1998இல் கல்யாணமாகி அம்பாங் போனாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மட்டும் அவள்தான், வேறு யாரையும் விடமாட்டாள். அம்பாங்கிலிருந்து பஸ் பிடித்து வருவாள். எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், காய்ச்சல் வந்தால் எதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுவாள். புதிதாக வந்த இளம் டாக்டர்களிடம், பத்து வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவாள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அம்மாவும் மகளும் அதன் பிறகு பேசியதில்லை. ஒருநாள் நான் சந்திரகலாவிடம் கேட்டேன், ராஜேஸ்வரி மனது ஆறிவிட்டதா என்று.

"கேட்டதில்ல" என்றாள். "போன வாரம் வந்தப்போ எனக்கு ரெண்டு ரவிக்கை தச்சுட்டு வந்தா. அளவு கேக்காமலே சரியா இருந்துச்சு. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல."